வளைவும் சுண்ணாம்பும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏரியின் அடி மண்ணில் கிளிஞ்சல் படிந்து கிடக்கிறது. அதை வாரி, காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, தேள் கொட்டினால் கொட்டிய இடத்தில் தடவக்கூடச் சுண்ணாம்பு. வாழ்க்கையில் இத்தனை தூரம் கலந்துவிட்ட பொருளைக் கண்டு யாராவது பயப்படுவார்களா?

பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள முகத்துவாரத்துக்கு அருகில், குப்பம் ஒன்றில் வசிக்கும் படகோட்டி அவர். வயது 68. பல வருஷங்களுக்கு முன் ஒரு நாவலுக்காக விஷயம் சேகரிக்க நான் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வாரம் என்னைத் தம் படகில் ஏற்றிக்கொண்டு திரிந்தார். நாவலை நான் எழுதி முடிக்கவில்லை. சிநேகிதம் மட்டும் நிலைத்துவிட்டது.

சென்ற வருஷம் அவருக்கு மார்பில் ஒரு மாதிரி அழுத்தம் வந்தது. மகன் சென்னைக்கு அழைத்துப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் ஸி.டி. ஸ்கேன் எடுத்து வந்தான். ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் கண்டிருந்தன. ஒன்று, இருதயத்தின் ரத்தக் குழாய்கள் நெளிந்து வளைந்து இருக்கின்றன. மற்றொன்று, அவற்றில் கால்சியம் படிந்திருக்கிறது. அதன் மதிப்பு 212. பெரிய அடைப்பு எதுவும் இல்லை, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம், விளக்கம் சொல்ல யாருக்கும் அவகாசமில்லை. விளக்கத்தை ஊரிலே வந்து தாமாகவே செய்துகொண்டார் பெரியவர்.

நான் போய்ப் பார்த்தபோது அந்த விளக்கத்தை எனக்கும் சொன்னார்.

"உனக்குத் தெரியாததா ஐயா? தண்ணி நேரா ஓடுற எடத்துலே மண்ணு தங்காது. எங்கே வளையுதோ அங்கேதான் தங்கும். இந்த முகத்துவாரம் வருஷா வருஷம் எப்படி அடைச்சுக்குது பார்த்தியா? அதே கதைதான் உள்ளேயும். கொழா வளைஞ்சிருக்கு, சாப்பிட்ட சுண்ணாம்பு எல்லாம் அங்கே போய்த் தங்கிடுச்சு. இருநூத்திப் பன்னெண்டு கிராம்!"

இப்படி நோயைக் கண்டுபிடித்தபின் வைத்தியத்தையும் அவரே ஏற்படுத்திக்கொண்டார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். கேழ்வரகுக் கூழை நிறுத்தினார். அதில் கால்சியம் அதிகம் என்று மகன் கைப்பேசியில் படித்துச் சொல்லியிருந்தான். பாலும் நின்றது. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியும் நின்றது. படகில் ஏறுவதும் நின்றது; கோல் ஊன்றித் தள்ளினால் வளைந்த குழாய் இன்னும் முறுக்கிக்கொள்ளுமாம். அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன்பிடி இடங்களை ஊர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, முறை வைத்து வலை போடுவார்கள். முறையைத் தவறவிட்டால் அந்த வருமானம் போனதுதான். பெரியவர் தம் முறை வந்தும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்திருந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அம்லோடிபின் என்ற அந்த மாத்திரையைப் பற்றி மகன் தேடிப் பார்த்திருக்கிறான். அது 'கால்சியம் சானல் பிளாக்கர்' என்ற வகையைச் சேர்ந்தது என்று போட்டிருந்தது. கால்சியம் என்ற பெயர் கண்ணில் பட்டதும் தகப்பனும் பிள்ளையும் மிரண்டுவிட்டார்கள். 'சுண்ணாம்பு அடைத்திருக்கிறவனுக்குச் சுண்ணாம்பு மாத்திரையா!' என்று அட்டையோடு தூக்கிப் பரண்மேல் போட்டாகிவிட்டது.

மனிதர் எதையும் விளையாட்டாகச் செய்யவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உயிர்மேல் ஆசையோடு, மனக்கட்டுப்பாட்டோடு, தமக்குத் தெரிந்த தண்ணீர் சாஸ்திரத்தை வைத்து யோசித்துத்தான் செய்தார். எனக்கோ அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சென்னையில் இருதய வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். பூநாரை பார்க்க வேண்டுமென்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். பெரியவருடைய விளக்கத்தை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"நீங்கள் சொன்னதில் பாதி, பெரிய பெரிய என்ஜினீயர்கள் சொல்வதுதான் பெரியவரே," என்றார். "ரத்தக் குழாய் வளைகிற இடத்தில் வளைவின் உட்பக்கமாக ஓடும் ரத்தம் வேகம் குறைந்துதான் ஓடுகிறது. அப்படி மந்தமாக ஓடும் இடத்தில் குழாயின் உள்தோல் சுலபமாகக் கெட்டுப்போகும். கொழுப்பு சேரவும் இடம் கொடுக்கும். அது வாஸ்தவம். ஆனால் மிச்சப் பாதியிலே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆற்றில் மண் தண்ணீரோடு வந்து படிகிறது. ரத்தக் குழாயில் சுண்ணாம்பு ரத்தத்தோடு வந்து படிவதில்லை. அது சுவருக்குள்ளேயே விளைகிறது."

இந்த இடத்தில் அவர் சொன்னதை நான் என் பாஷையில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புக் கட்டுமே, அது தண்ணீரிலிருந்து இறங்கிப் படிந்தது. ரத்தக் குழாய்ச் சமாசாரம் அப்படியல்ல. கொழுப்பும் வீக்கமும் சேர்ந்து சுவரை வருஷக்கணக்கில் புண்ணாக்குகின்றன. அந்தப் புண்ணைச் சுற்றிலும் உள்ள தசை அணுக்களில் சில தங்கள் வேலையை மறந்து, எலும்பு கட்டும் அணுக்களைப்போல நடக்கத் தொடங்குகின்றன. அங்கே உண்டாவது எலும்பில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட் ஜாதி. கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். வெற்றிலையில் தடவுகிற நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்ஸைடு. பெயரில் உறவே தவிர, காளவாயிலிருந்து இருதயத்துக்கு நேர்வழி கிடையாது.

சாப்பாட்டுக் கால்சியத்தின் கணக்கும் வேறு. உடம்பிலுள்ள கால்சியத்தில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பமும் கூடாமல் குறையாமல் இருக்கக் கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் இரவு பகலாகக் காவல் காக்கின்றன. கூழையும் பாலையும் நிறுத்தினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடாது. குறைகிறதை எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும். கெடுவது 68 வயது எலும்பு!

"அப்போ அந்த இருநூத்திப் பன்னெண்டு?" என்றார் பெரியவர், விடாமல்.

"அது கிராமும் இல்லை, எடையும் இல்லை. முழு இருதயமே ஏறக்குறைய 300 கிராம்தான் இருக்கும். அதில் 212 கிராம் சுண்ணாம்பு என்றால் நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள்!"

பெரியவரின் மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள்.

அமெரிக்காவில் ஆகாட்ஸ்டன் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-இல் ஏற்படுத்திய கணக்கு அது. ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு திட்டின் பரப்பையும், அதன் அடர்த்திக்குத் தகுந்தபடி ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அந்த மதிப்பு. பூஜ்யம் என்றால் சமீபத்தில் மாரடைப்பு வரும் அபாயம் குறைவு. 400-ஐத் தாண்டினால் நிலைமை கடுமை. 212 நடுவில் நிற்கிறது. வெள்ளைத் திட்டு, சுவர் எத்தனை காலம் அடிபட்டு வந்திருக்கிறது என்பதற்குப் பழைய கணக்குப் புத்தகம் போன்றது. திடீரென்று வெடித்துக் குழாயை அடைப்பது பெரும்பாலும் இறுகிப்போன பெரிய கட்டியல்ல. அதன் பக்கத்தில் இன்னும் இறுகாமல் இருக்கும் மெத்தென்ற கொழுப்புத் திட்டுதான். அதனால்தான், வெள்ளைத் திட்டே அபாயம் என்று பார்க்காமல், சுவரில் நோய் இருப்பதற்கு அத்தாட்சியாக டாக்டர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

சரி, வளைவு? அது எதனால் வந்தது?

இருதயத்தின் மேல் படர்ந்திருக்கும் குழாய்கள் கொஞ்சம் வளைந்துதான் இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிற வஸ்துவின்மேல் விறைப்பாக ஒரு குழாயை ஒட்டினால் என்ன ஆகும்? ஆகையால் வளைவு இயற்கை. ஆனால் வயது ஏற ஏறக் குழாய்ச் சுவரின் ரப்பர் போன்ற நார் தளர்ந்துபோகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளேயிருந்து ஓயாமல் நெட்டித் தள்ளுகிறது. குழாய் நீள்கிறது. இரண்டு பக்கமும் கட்டுண்டு இருப்பதால் நீண்டது போவதற்கு இடமில்லை, நெளிகிறது. பெண்களுக்கு இந்த நெளிவு ஆண்களைவிட அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு இதனால் பெரிய துன்பம் இல்லை. சிலருக்கு மட்டும் கடுமையாக உழைக்கும்போது மார்பில் அழுத்தம் வரலாம். என்றைக்காவது ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், கம்பியை நெளிவுகளினூடே செலுத்த டாக்டர் சற்று அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கும்.

வளைவும் தடிப்பும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, ஒன்றால் மற்றொன்றா என்று சந்தேகப்படுவது இயற்கைதான். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1507-08 குளிர்காலத்தில், நூறு வயது தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கிழவர் அமைதியாக உயிர் நீத்தார். சற்று முன்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர், இத்தனை சுகமான சாவுக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள அவர் உடலை அறுத்துப் பார்த்தார். வேறு யாருமல்ல, லியனார்டோ டா வின்சிதான். கிழவரின் ரத்தக் குழாய்கள் சுவர் தடித்து, உள்வழி குறுகி, நெளிந்து கிடந்தன. ஒரு சிறு குழந்தையின் உடலிலோ அவை நேராகவும் வழவழப்பாகவும் இருந்தன. வளைவையும் தடிப்பையும் சேர்த்துப் பார்த்து, ஓவியத்தோடு குறித்துவைத்தார்.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் தாயும் பிள்ளையுமாகத்தான் இருக்க வேண்டுமா? அக்காள் தங்கையாகவும் இருக்கலாம் அல்லவா? பிற்காலத்தில் நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது. சீனாவில் ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்ட 1,010 பேரை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு நெளிவு இருந்தது. நெளிவு, ரத்தக் கொதிப்போடு சேர்ந்து காணப்பட்டது. ஆனால் நெளிவு உள்ளவர்களிடம் அடைப்பு நோய் அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தது! இந்த விஷயத்தில் எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே வார்த்தை பேசுவதில்லை. ஆனாலும், 'குழாய் நெளிந்திருக்கிறது, ஆகவே சுண்ணாம்பு படிந்திருக்கும்' என்று சொல்ல டாக்டர்கள் தயாராக இல்லை. நெளிவை நெளிவாகவும் சுண்ணாம்பைச் சுண்ணாம்பாகவும் தனித்தனியே பார்க்கிறார்கள்.

"இரண்டுக்கும் தாய் ஒருத்தி உண்டு," என்றார் டாக்டர். "வயசு என்கிற தாயை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ரத்தக் கொதிப்பு என்கிற தாயை அடக்கி வைக்கலாம். வளைப்பதும் அவள்தான், சுவரைப் புண்ணாக்குகிறவர்களில் அவளும் ஒருத்தி. அவளை அடக்குவதற்குக் கொடுத்த மாத்திரையைத்தான் பரண்மேல் போட்டுவிட்டீர்கள்."

அந்தக் குப்பத்துக்குச் சுகாதார ஊழியர் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு பார்த்துவிட்டுப் போகிறார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஏற்பாடு அது. கடைசியாக அவர் அட்டையில் குறித்துவிட்டுப் போன எண்ணை எடுத்து நீட்டினாள் பெரியவரின் மனைவி. 184/102. டாக்டரின் முகம் மாறியதை நான் கவனித்தேன். பெரியவரும் கவனித்தார்.

அந்த மாத்திரையில் கால்சியம் இல்லை. குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலை அது கொஞ்சம் சாத்துகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, கொதிப்பு இறங்குகிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். படிந்த சுண்ணாம்பை அது கரைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். கரைப்பதற்கு நம்பிக்கையான மருந்து இன்னும் இல்லை. நெளிவை நிமிர்த்தவும் மருந்து இல்லை. புதிய சேதம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

அதற்குள் பெரியவருடைய மனைவி வேறொரு விஷயத்தை எடுத்தாள். "இவரு வெத்திலையிலே சுண்ணாம்பை விட்டாரே, பொகையிலையை விட்டாரான்னு கேளுங்க டாக்டரய்யா!"

விடவில்லை. சுண்ணாம்பு போனதால் காரம் குறைந்துவிட்டதென்று புகையிலையை ஒரு சிட்டிகை அதிகமாகவே போட்டுக்கொண்டிருந்தார். ரத்தக் குழாய்க்குச் சத்துரு புகையிலை. பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இந்தக் கூட்டத்தில் ஒப்புக்குக் குறைந்த குற்றவாளி சுண்ணாம்பு. தண்டனை அதற்கு மட்டும் கிடைத்திருக்கிறது! கருவாட்டையும் அவர் விடவில்லை. அதில் உள்ளது கால்சியமல்ல, உப்புத்தானே என்ற தைரியம். கொதிப்பை ஏற்றுவது அந்த உப்புத்தான்.

திரும்பி வரும்போது டாக்டர் காரில் ஒரு செய்தி சொன்னார். தென் அமெரிக்காவில் பொலீவியா நாட்டுக் காடுகளில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆற்றில் மீன் பிடித்து, வேட்டையாடி, கொஞ்சம் பயிரிட்டுப் பிழைக்கிறவர்கள். அவர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 705 பேரை ஸ்கேன் செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 596 பேருக்குச் சுண்ணாம்பு மதிப்பு பூஜ்யம். ஆண்கள் தினம் ஆறேழு மணி நேரம் உடம்பை அசைத்து உழைக்கிறவர்கள். ரத்தக் கொதிப்பும் கெட்ட கொழுப்பும் அவர்களிடம் குறைவு.

இதைக் கேட்டபோது எனக்குப் பழவேற்காட்டின் பழைய துடுப்பும் கோலும் நினைவுக்கு வந்தன. இப்போது பல படகுகளில் என்ஜின் ஏறியிருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. தோள் வலிக்கத் துடுப்புப் போட்டவனுக்குத்தான் என்ஜினின் அருமை தெரியும். ஆனால் தோளுக்கு இளைப்பாறுதல் கிடைத்தபோது, உழைப்பால் இருதயத்துக்குக் கிடைத்துவந்த லாபமும் போய்விட்டது. 'கோல் ஊன்றினால் குழாய் முறுக்கிக்கொள்ளும்' என்று பயந்து பெரியவர் திண்ணையில் உட்கார்ந்ததும் அப்படித்தான். மாத்திரையால் கொதிப்பு இறங்கியதும், அளவாக உழைக்கலாம், நடக்கலாம், உழைக்கும்போது மார்பில் அழுத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அழுத்தம் தணியாவிட்டால் சென்னை வரை 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்காமல் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். மாரடைப்பு என்று சந்தேகம் தோன்றினால் உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். கொதிப்பு 138/84-இல் நிற்கிறதாம். கூழ் மறுபடியும் அடுப்பேறிவிட்டது. நெத்திலியும் வந்துவிட்டது. அடுத்த பாட்டில் தம் முறைக்குப் போய் வலை போட்டதாகவும், இறால் பரவாயில்லை என்றும் சொன்னார். புகையிலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவருடைய மனைவியின் குரல் கேட்டது: "பொட்டலம் என் மடியிலே இருக்குது ஐயா. காலையிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பொங்கலுக்குள்ளே அதையும் நிறுத்திடுவேன்."

வாசகர்களில் பலருக்கும் இந்த வயதில் ஏதாவது ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கும். அதில் பயமுறுத்தும் வார்த்தைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவற்றைக் கொண்டு நாமாகவே ஒரு கதை கட்டிவிடுவது வெகு சுலபம். எனக்கு அது பிழைப்பும்கூட. ஆகவே டாக்டரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்டுவிட்டு எழுந்திருங்கள். இது எதனால் வந்தது? நான் எதை விட வேண்டும்? எதை விடக் கூடாது? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. பழவேற்காட்டுப் பெரியவரும் கேட்கவில்லை.